கொழுகொழுவென்று இருப்பது ஆரோக்கியமா?

(க.பொ.த. உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு)

தரம் 7இல் படிக்கும் என் தங்கையின் கொம்பாஸ் பெட்டிக்குள் நான்காக மடித்த ஒரு துண்டை உம்மா கண்டெடுத்தார். பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்குப் பிறகு பெற்றாருக்கென்று கொடுத்தனுப்பிய துண்டு அது. கொடுத்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. நிறை 58 கிலோகிராம், உயரம் 148 சென்ரிமீற்றர் என்று எழுதி, பிள்ளையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அழைத்து வரும்படி கீழே குறிக்கப்பட்டிருந்தது.

அந்த இரண்டு வாரங்களும் அவள் இடைவேளைச் சாப்பாட்டைச் சாப்பிடவில்லை. உம்மா கட்டிக் கொடுத்த பிட்டை வழியில் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, பின்னேரம் பசி தாங்காமல் கடையில் பணிஸ் வாங்கி ஒளித்துச் சாப்பிட்டிருக்கிறாள். நிறை எடுக்கும்போது வகுப்புப் பிள்ளைகள் சிலர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்களாம். ‘பணிஸ்’ என்று அவளுக்கு ஏற்கெனவே ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. அதை வைத்தவள் நான். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு ஆசையில் வைத்த பெயர்தான். ஆனால் அது வீட்டிலிருந்து வகுப்புக்குப் போய், வகுப்பிலிருந்து மத்ரஸாவுக்கும் போயிருந்தது. இந்தக் கட்டுரையை எழுத நான் உட்கார்ந்ததற்கு முதற் காரணம் அதுதான்.

முதலில் அந்தத் துண்டைப் பற்றிச் சொல்கிறேன், பல பெற்றோருக்கு அது விளங்குவதில்லை. எங்கள் நாட்டில் தரம் 1, 4, 7, 10 மாணவர்களைச் சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கே வந்து பரிசோதிக்கிறார்கள். மாணவர் தொகை குறைந்த பாடசாலை என்றால் எல்லோரையும் பார்ப்பார்கள். பல், கண், காது, தோல் எல்லாம் பார்க்கும்போது உயரமும் நிறையும் எடுப்பார்கள். கிலோகிராமில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. தங்கையின் கணக்கு 58ஐ 1.48 × 1.48ஆல் வகுக்க ஏறக்குறைய 26.5.

பெரியவர்களுக்கு 25, 30 என்ற எல்லைகளை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஆசிய மக்களின் உடலில் அதே சுட்டிக்கு அதிக கொழுப்பு இருப்பதால் 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. வளரும் பிள்ளைக்கு இந்த எண்களைப் போட்டுப் பார்க்கக் கூடாது. பிள்ளைக்கு வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப வேறு வளைகோடு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அந்த அட்டவணையின்படி, சரியாகப் 12 வயதான பெண்பிள்ளையின் நடு அளவு 18.0. அது 20.8ஐத் தாண்டினால் மிகைநிறை, 25.0ஐத் தாண்டினால் உடற்பருமன். ஆகவே தங்கை கடைசிக் கோட்டையும் தாண்டித்தான் நின்றாள். உம்மா இதைக் கேட்டுவிட்டு, “வளர்ற புள்ளதானே, வயசுக்கு வந்தா மெலிஞ்சிருவா” என்றார். சில பிள்ளைகள் மெலிவதுண்டு. ஆனால் பருமனான பிள்ளைகளில் பெரும்பாலானோர் பருமனான பெரியவர்களாகவே ஆகிறார்கள் என்பதே உலகம் கண்ட அனுபவம்.

அதற்கு உயிரியலில் ஒரு காரணம் உண்டு. கொழுப்பைச் சேமிக்கும் கலங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் சிறுபராயத்திலும் கட்டிளமைப் பருவத்திலும்தான் கூடுகிறது. பெரியவரானபின் மெலிந்தால் அக்கலங்கள் சுருங்குகின்றனவே தவிர, எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. சுருங்கிய கலங்கள் மறுபடி நிரம்பக் காத்துக்கொண்டிருக்கும். எங்கள் சாச்சிமார் நோன்பில் குறைத்த நிறை பெருநாள் முடிந்து ஒரு மாதத்தில் திரும்பி வருவதை நாம் பார்க்கிறோம் அல்லவா?

இன்னொன்று, தங்கையின் கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தது. உம்மா அதை அழுக்கென்று நினைத்து ஒரு வருடமாகத் தேசிக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்ததே தவிரக் கறுப்புப் போகவில்லை. உடலில் இன்சுலின் இருந்தும் கலங்கள் அதற்குச் சரியாகப் பதிலளிக்காதபோது, சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோற்கலங்களைப் பெருகச் செய்கிறது. அதுதான் அந்தக் கறுப்பு. நீரிழிவு வாசலுக்கு வந்து கதவைத் தட்டுவது போன்ற அடையாளம். பணிமனையில் டொக்டர் இதை விளக்கியபோது உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உயிரியல் படிக்கிறேன், இன்சுலினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறேன், ஒரே பாயில் படுக்கும் தங்கையின் கழுத்தைக் கவனிக்கவில்லை.

ஏன் இப்படி ஆனது? இது எங்கள் வீட்டு விடயம் மாத்திரமல்ல. உலகில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் 1990இல் நூற்றுக்கு 8 பேர் மிகைநிறையோடு இருந்தனர். 2022இல் அது நூற்றுக்கு 20 ஆனது. எண்ணிக்கையில் 39 கோடிக்கு மேல், அதில் 16 கோடிப் பேர் உடற்பருமன் உள்ளவர்கள். முப்பது வருடத்துக்குள் உலகமெங்கும் பிள்ளைகள் திடீரென்று சோம்பேறிகளாகவும் சாப்பாட்டுப் பிரியர்களாகவும் பிறந்திருக்க முடியாது. மாறியது அவர்களைச் சுற்றியுள்ள உணவும் தெருவும் வீடும்தான். ஆகவே, “வாயைக் கட்டத் தெரியாத பிள்ளை” என்று பிள்ளையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

எங்கள் ஊரில் என்ன மாறியது என்று தெரிந்துகொள்ள ஒரு சிறு வேலை செய்தேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் தங்கையுடன் இருந்து, அவளுக்குத் தெரிந்தே, வாய்க்குள் போனதையெல்லாம் கொப்பியில் எழுதினேன். ஸுபஹுக்குப் பிறகு பால்தேநீர், சீனி மூன்று கரண்டி, தோய்த்துச் சாப்பிட ஆறு பிஸ்கட். காலைச் சாப்பாடு பராட்டாவும் கறியும். பத்து மணிக்குச் சாச்சி வீட்டில் தேநீர், சீனி மூன்று கரண்டி. பகல் சோறு வீட்டில். மூன்று மணிக்கு உம்மம்மா வீட்டில், “புள்ள ஒண்டும் தின்னல்ல” என்று மறுபடி ஒரு பிடி சோறு. அஸருக்குப் பிறகு ரோல்ஸ், தேநீர், சீனி மூன்று கரண்டி. மஃரிபுக்குப் பிறகு வாப்பா கடையிலிருந்து கொண்டுவந்த குளிர்பானம், ஒரு கிளாஸ். இரவு கொத்து. படுக்குமுன் பால், சீனி இரண்டு கரண்டி.

குளிர்பானத்தை விட்டுவிடுங்கள். தேநீரிலும் பாலிலும் மட்டும் பதினொரு கரண்டி. ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம் என்றால் 44 கிராம். நாம் உணவில் சேர்க்கும் சீனி மொத்தச் சக்தியில் நூற்றுக்கு பத்துப் பங்கைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு ஆலோசனை. நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி சாப்பிடுபவருக்குப் பத்துப் பங்கு 50 கிராம், ஐந்துப் பங்கு 25 கிராம். நாங்கள் எல்லோரும் குறை சொல்லிக்கொண்டிருந்தது அவளுடைய பகல் சோற்றை. உண்மையில் சீனி வந்தது யாரும் சாப்பாடு என்றே எண்ணாத தேநீர்க் கோப்பையில்.

அந்தக் கொப்பியில் இன்னொரு விடயமும் தெரிந்தது. எங்கள் ஊர் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் ஊர். உம்மம்மாவின் வளவுக்குள்ளேயே உம்மாவுக்கும் இரண்டு சாச்சிமாருக்கும் வீடு. மதிலில் ஒரு சிறு கதவு, அவ்வளவுதான் தூரம். பிள்ளை வளர இதைவிட நல்ல இடம் எங்குமில்லை என்றே நான் சொல்வேன். ஆனால் நான்கு அடுப்படிகளும் ஒரே பிள்ளையைத் தம் பிள்ளையாக நினைத்து ஊட்டும்போது, ஒரு வீட்டில் சாப்பிட்டது மற்ற வீட்டுக்குத் தெரிவதில்லை. உம்மா மட்டும் சீனியைக் குறைத்து என்ன பயன்?

உம்மம்மாவிடம் இதைக் கதைக்க எனக்குப் பயமாக இருந்தது. கதைத்தபோது அவர் கோபப்படவில்லை, அழுதார். 1990ஆம் ஆண்டுக் கலவர காலத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கும் வழியில்லாமல் இருந்ததையும், 2004இல் சுனாமி வந்தபின் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றதையும் சொன்னார். “மெலிஞ்ச புள்ளயப் பாத்தா எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருது” என்றார். எங்கள் பெரியவர்கள் கொழுகொழு கன்னத்தை ஏன் ஆரோக்கியம் என்று நினைக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. எங்கள் நாட்டில் போசாக்குக் குறைந்த தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இன்றும் திரிபோஷா கொடுக்கப்படுகிறது. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது எத்தனையோ வீடுகளில் ஒருவேளைச் சாப்பாடு குறைந்தது. ஒரே வகுப்பில், ஏன், ஒரே வீட்டிலும்கூட, மெலிந்த பிள்ளையும் பருமனான பிள்ளையும் இருக்கலாம். பருமனான பிள்ளையின் இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவாக இருப்பதும் உண்டு. வயிறு நிறைந்திருக்கும், உடல் பட்டினி கிடக்கும்.

குளிர்பானத்தைப் பற்றி மாணவிகள் ஒரு விடயத்தை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். போத்தலில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று ஒரு நிற அடையாளம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல் இலங்கையில் இது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. 2017 நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டத்தில் குளிர்பானத்திலுள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதிக்கப்பட்டது (பின்னர் இந்த அளவு மாற்றப்பட்டது). 2019இல் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் நிற முறை கொண்டுவரப்பட்டது. தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாடும் இதே 2016இல்தான் சீனி கூடிய பொதிகளில் கறுப்பு நிற எண்கோண அடையாளத்தைப் போட வைத்தது, அவ்வகை உணவுகளைப் பாடசாலைக்குள் விற்பதையும் தடுத்தது. சிறிய நாடான நாமும் அந்த வரிசையில் முன்னால் நின்றோம் என்பது எனக்குப் பெருமை.

ஆனால் செம்மஞ்சளைக் கண்டு ஏமாந்துவிட வேண்டாம். நானும் ஏமாந்தேன். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் என்றால் செம்மஞ்சள்தான். நாம் வாங்குவதோ 400 மில்லிலீற்றர் போத்தல். நான்கால் பெருக்கினால் 40 கிராம், அதாவது பத்துத் தேக்கரண்டி. ஒரு கிளாஸ் தண்ணீரில் பத்துக் கரண்டி சீனி போட்டு ஒருவர் நீட்டினால் நாம் குடிப்போமா? வீட்டில் இதைத் தங்கைக்குச் செய்து காட்டினேன். கரண்டி கரண்டியாக அவளையே போடச் சொன்னேன். ஏழாவது கரண்டியில் “போதும் ராத்தா” என்றாள்.

இனி ஓடியாடுவதைப் பற்றி. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு அசைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாட்களாவது மூச்சு வாங்கும்படி. 2016ஆம் ஆண்டுக்கான உலக ஆய்வொன்றில் 11 முதல் 17 வயதானவர்களில் நூற்றுக்கு 81 பேர் இதைச் செய்யவில்லை. பெண்பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 85.

எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு இதில் இருக்கும் கஷ்டத்தைப் பெற்றார்கள் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் நெருக்கி நெருக்கி வீடுகள். தரம் 5 வரை ஒழுங்கையில் எட்டுக்கோடு விளையாடியவர்கள் நாங்கள். வயதுக்கு வந்ததும் ஒழுங்கை மூடிவிடும். தம்பிமார் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் பந்தடிக்கப் போவார்கள், நாங்கள் ரியூஷனுக்கு ஆட்டோவில் போவோம். உடல் வேகமாக வளரும் அதே வயதில் உடல் அசைவது நின்றுவிடுகிறது. தங்கையும் நானும் ஒரு பின்னேரம் ஆற்றங்கரை ரோட்டில் வேகமாக நடந்தோம். மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பேர் சொன்ன வார்த்தைக்குப் பிறகு அவள் திரும்ப வர மறுத்துவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை.

மார்க்கம் இதைத் தடுக்கிறதா என்று யோசிப்பவர்களுக்கு, நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருப்பதை நினைவூட்டுகிறேன். தடுப்பது மார்க்கமல்ல, இடமின்மையும் கூச்சமும்தான். அதற்கு வழியும் எங்களிடமே இருக்கிறது. மதில் கட்டிய பெண்கள் பாடசாலை, உள்ளே மைதானம், வலைப்பந்துத் தூண்கள். 1.30க்கு மணியடித்தால் அது மறுநாள் காலை வரை சும்மா கிடக்கிறது. வாரத்தில் இரண்டு பின்னேரம், பெண் ஆசிரியை ஒருவரின் பொறுப்பில், போட்டிக்குத் தெரிவானவர்களுக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் அதைத் திறந்துவிட முடியாதா என்று அதிபர் அவர்களிடமும் பழைய மாணவியர் சங்கத்திடமும் இக்கட்டுரை மூலம் பணிவாகக் கேட்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடத் தெரிந்த இருபது பேர்தான் ஓடுகிறார்கள், ஓட வேண்டிய மற்றவர்கள் குடை பிடித்துக்கொண்டு கைதட்டுகிறோம். தரம் 9 வரை எல்லோரும் படிக்கும் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடம் பரீட்சை நெருங்கும்போது கணிதத்துக்குப் போய்விடுவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கணித டீச்சர் மன்னிக்கவும்.

வீட்டில் நாங்கள் செய்தவற்றில் பாதி தோற்றுப்போனது. முதலில் உம்மா இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். தங்கை இரவு பதினொரு மணிக்கு எழும்பிக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். பட்டினி போடுவது வளரும் பிள்ளைக்குக் கூடாது, எலும்பும் இரத்தமும் உருவாகும் வயது இது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு வாப்பா விலைகூடிய ஓட்ஸ் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார், அவளுக்கு மட்டும் அது, மற்றவர்களுக்குப் பராட்டா. நான்காம் நாள் அவள் கோப்பையைத் தள்ளிவிட்டு அழுதாள். ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறு சாப்பாடு வைத்தால் அது மருந்தாகத் தெரியாது, தண்டனையாகத்தான் தெரியும். விளம்பரங்களில் வரும் மெலிய வைக்கும் தேயிலையையும் மாவையும் பற்றி ஒரு மைனி சொன்னார். நல்லவேளை, உம்மா அதை வாங்கவில்லை.

பணிமனையில் சொன்ன ஒரு விடயம்தான் எங்கள் பாரத்தை இறக்கியது. நிறையைக் குறைக்க வேண்டிய அவசரமே இல்லை, இப்போதிருக்கும் நிறையை அப்படியே பிடித்துவைத்தால் போதும், உயரம் கூடக் கூடச் சுட்டி தானாக இறங்கும் என்றார்கள். 12 வயதுப் பிள்ளைக்கு இன்னும் வளர இடமிருக்கிறது. அதனால் வீட்டிலிருந்த தராசை உம்மா அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார். அதற்குப் பதிலாகக் கதவு நிலையில் பென்சிலால் உயரத்தைக் குறிக்கத் தொடங்கினோம்.

அதன்பின் செய்தது எல்லாம் வீடு முழுவதற்கும். தேநீரில் எல்லோருக்கும் சீனி மூன்றிலிருந்து இரண்டு, ஒரு மாதம் கழித்து ஒன்று. வாப்பாதான் அதிகம் முறைப்பட்டார். அவருக்கும் பிறசர் இருக்கிறது, ஆகவே யாரும் இரங்கவில்லை. பிஸ்கட்டும் குளிர்பானமும் வீட்டில் வாங்கி வைப்பதில்லை. திருமண வீட்டில் குடித்தால் குடிக்கட்டும். பீங்கானில் முதலில் கீரைச் சுண்டலும் மரக்கறியும் மீனும் வைத்து, மிச்ச இடத்தில் சோறு. முன்பு சோற்றை மலையாகக் குவித்து ஓரத்தில் கறி வைப்போம். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, ஆற்று மீன் எல்லாம் எங்கள் வாசலுக்கே வருகின்றன. எருமைத் தயிருக்குப் பெயர்போன மாவட்டம் இது, அதைச் சீனி கொட்டாமல் ஒரு பழத்தோடு சாப்பிடலாம். இடைவேளைக்குப் பணிஸுக்குப் பதில் அவித்த கடலையோ பயறோ. காசும் மிச்சம்.

உம்மம்மாவும் சாச்சிமாரும் சேர்ந்து ஒரு ஒழுங்குக்கு வந்தார்கள். சோறு என்றால் உம்மா வீட்டில் மட்டும், மற்ற வீடுகளில் பழம் அல்லது மோர். உம்மம்மா இப்போது பப்பாசியை வெட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஊட்டும் ஆசையை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. சஹனில் சாப்பிடுவதைப் பற்றிச் சில தோழியர் கேட்டார்கள். ஐந்தாறு பேர் ஒரே சஹனில் உட்காருவது எங்கள் அழகான வழக்கம், அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பது அதில் தெரியாது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்கும் ஒரு பங்கைத் தண்ணீருக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விடச் சொன்ன நபிமொழியைச் சஹனைச் சுற்றி உட்காரும்போதுதான் நாம் மறக்கிறோம்.

ஓடுவதற்கு மொட்டைமாடி கிடைத்தது. உடுப்புக் காயப்போடும் இடம், சுற்றிவர இடுப்பளவு மதில், யாரும் பார்க்க முடியாது. அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் கயிறு துள்ளல். சாச்சியின் மகள்மார் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். முதல் நாள் தங்கை பன்னிரண்டு தரம் துள்ளிவிட்டு உட்கார்ந்தாள், நான் பதினைந்து. எனக்கு எந்தப் பருமனும் இல்லை, ஆனால் மூச்சு அவளைவிட மோசம். உயர்தரம் என்று ஒரு வருடமாகக் கதிரையை விட்டு எழும்பாததன் பலன். வீடு கூட்டுவது, கிணற்றடியில் உடுப்புத் துவைப்பது, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைக்கு ஆட்டோ பிடிக்காமல் உம்மாவுடன் நடப்பது எல்லாம் அந்த 60 நிமிடக் கணக்கில் சேரும்.

நித்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டிளமைப் பருவத்தினருக்கு 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும். நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் ஓமோன் கூடி, போதும் என்று சொல்லும் ஓமோன் குறைகிறது. இரவு பன்னிரண்டு வரை கைத்தொலைபேசி, விடிய ஐந்தரைக்கு ரியூஷன் என்று இருக்கும் நாங்கள் ஏன் நாள் முழுவதும் எதையாவது கொறிக்கிறோம் என்பதற்கு இதுவும் ஒரு விடை.

எந்தப் பிள்ளையை வைத்தியரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தோ அக்குளோ கறுத்துத் தடித்தால், நித்திரையில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சுத் தடைப்பட்டால், அடிக்கடி தாகமும் சிறுநீரும் இருந்தால், முழங்கால் நோவு இருந்தால், பெண்பிள்ளைக்கு மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போனால் உடனே காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பிள்ளைகள் உம்மாவிடம்கூடச் சொல்ல வெட்கப்படுவார்கள். கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இவ்வளவு செய்தும் மிகக் கடினமாக இருந்தது அந்தப் பட்டப்பெயர்தான். பட்டப்பெயர் சொல்லி ஒருவரையொருவர் அழைக்கக் கூடாதென்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. அதை நான் மனனமாக ஓதுவேன். ஆனாலும் வாய் பழகிவிட்டது. ஒரு நாள் இரவு படுக்கையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க சொல்றது பரவாயில்ல ராத்தா, நீங்க சொன்னத்தான் அவங்க பழகினாங்க” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பகிடி பண்ணினால் பிள்ளை ரோஷப்பட்டு மெலியும் என்று நினைக்கும் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். என் தங்கை ரோஷப்பட்டுச் செய்தது சாப்பாட்டைக் கோழிக்குக் கொட்டிவிட்டு ஒளித்துப் பணிஸ் சாப்பிட்டது. இப்போது வீட்டில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் இருபது ரூபாய் உண்டியலில் போட வேண்டும். இதுவரை கூடுதலாகப் போட்டவள் நான்.

எட்டு மாதங்களுக்குப் பிறகு பணிமனையில் அளந்தார்கள். நிறை 59 கிலோகிராம், உயரம் 152 சென்ரிமீற்றர். நிறை ஒரு கிலோ கூடியிருக்கிறது என்று உம்மா முகம் வாடினார். கணக்குப் போட்டால் சுட்டி 26.5இலிருந்து 25.5க்கு இறங்கியிருந்தது. வயதும் கூடியதால் அவளுடைய புள்ளி அந்தக் கடைசிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. மிகைநிறை இன்னும் இருக்கிறது. கழுத்துக் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது, தேசிக்காய் போடாமலே.

இக்கட்டுரையை ஆசிரியையிடம் கொடுக்குமுன் தங்கையிடம் வாசித்துக் காட்டி அனுமதி கேட்டேன். நிறையைப் போடலாமா என்றதற்குச் சற்று யோசித்துவிட்டுப் போடச் சொன்னாள். கயிறு துள்ளலில் முதல் நாள் கணக்கை மட்டும் எழுதியிருப்பது சரியில்லையாம். நேற்று அவள் துள்ளியது நூற்று நாற்பது. நான் நூற்றுப் பத்தில் நின்றுவிட்டேன் என்பதையும் எழுத வேண்டுமாம்.